மே மாத மூன்று மணிக்கும் தளராத லேப்டாப்: திங்க்பேட் பி15 ஜென் 2, ஒரு வருஷத்துக்கு அப்புறம்

லெனோவோவின் இந்த லேப்டாப்பை 2025 பிப்ரவரியில் பழசாக வாங்கினேன். எப்படி இருக்கிறது என்று எழுதச் சொல்லி நண்பர்கள் அப்போதே கேட்டார்கள். ஒரு வேலூர் வெயிலைத் தாண்டட்டும், அப்புறம் எழுதுகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். ஒரு வெயில் போய் அடுத்த வெயிலே வந்துவிட்டது, இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேலை தெரியாமல் லேப்டாப்பைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. ராணிப்பேட்டையில் பெல் (BHEL) தொழிற்சாலை இருப்பதால் சிப்காட்டைச் சுற்றி ஃபேப்ரிகேஷன் ஷெட்டுகள் நிறைய. அவர்களில் சிலருக்கு டக்ட் (காற்றுக் குழாய்), ஹாப்பர் (பொருள் கொட்டுகிற புனல் தொட்டி), பிளாட்பாரம், ஏணி எல்லாம் சாலிட்ஒர்க்ஸ் என்ற 3டி டிசைன் மென்பொருளில் மாடல் செய்து, ஷாப் டிராயிங்கும் தகடு வெட்டுவதற்கான டெவலப்மென்ட்டும் (விரித்த வடிவ வரைபடம்) போட்டுக் கொடுக்கிறேன். ஒரு அசெம்பிளியில் ஆயிரம் பார்ட் சாதாரணம், போல்ட்டு நட்டெல்லாம் சேர்த்தால் இரண்டாயிரத்தைத் தாண்டும்.

இதை வாங்கும்வரை ஒரு கேமிங் லேப்டாப்பில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன், கம்பெனி பெயர் வேண்டாம். காலையில் வீட்டில் உட்கார்ந்தால் பறக்கும். 2024 மே மாதம் ஒரு நாள் மத்தியானம், தகர ஷெட்டுக்குள், வெல்டிங் செட்டுக்குப் பத்தடி தள்ளி ஒரு மர ஸ்டூலில் அதை வைத்துக்கொண்டு நின்றேன். சூப்பர்வைசர் அண்ணன் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து, "தம்பி, அந்த ஃபிளாஞ்சை (குழாய் முனைத் தகட்டை) கொஞ்சம் திருப்பிக் காட்டுப்பா, ஓட்டை எந்தப் பக்கம் வருதுன்னு பார்க்கணும்" என்றார். மவுஸ் வீலை அழுத்தித் திருப்பினேன். திரை நின்றுவிட்டது. மாடலின் விளிம்புக் கோடுகள் பாதி காணவில்லை, ஃபேன் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் நானும் அவரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஒன்றும் சொல்லாமல் காகித டிராயிங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார், அந்தச் சோர்ந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்: முதல் பத்து நிமிஷ வேகம் எனக்கு வேண்டாம், நான்காவது மணி நேரத்து வேகம் வேண்டும்.

ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப் என்றால் நம் ஊரில் பலர் 'விலை அதிகமான லேப்டாப்' என்று மட்டும்தான் நினைக்கிறார்கள். டெல் பிரிசிஷன், எச்பி இசட்புக், லெனோவோ திங்க்பேட் பி வரிசை, மூன்றுமே இப்படி டிசைன் வேலைக்கென்றே செய்த வகை. உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் சிப்பைப் பார்த்தால் பெரிய ரகசியம் இல்லை, ஆர்டிஎக்ஸ் ஏ2000மும் அதே காலத்து ஜிஃபோர்ஸ் 30 வரிசையும் என்விடியாவின் ஒரே ஆம்பியர் சிப் குடும்பம். வித்தியாசம் டிரைவரில், அதாவது கார்டை இயக்குகிற மென்பொருளில் இருக்கிறது. இந்த லேப்டாப், இந்த கார்டு, இந்த டிரைவர் எண், இந்த சாலிட்ஒர்க்ஸ் பதிப்பு என்று சேர்த்துச் சோதித்துச் சான்று கொடுக்கிறார்கள், அந்தப் பட்டியலை சாலிட்ஒர்க்ஸ் தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். எனக்குக் கோடு காணாமல் போன பிரச்சினை இந்த லேப்டாப்பில் ஒருமுறைகூட வரவில்லை.

புதுசாக வாங்க முடியவில்லை. நான் கேட்ட அளவுக்கு வந்த விலையெல்லாம் இரண்டு லட்சத்தைத் தாண்டியது, என் வருமானத்துக்கு அது சரிவராது. அதனால் பெரிய கம்பெனிகள் குத்தகை முடிந்து திருப்பிக் கொடுக்கிற லேப்டாப்புகளைத் தேடினேன். முதலில் ஆன்லைனில் ஒரு ஆளிடம் வாங்கி ஏமாந்தேன். வந்து இறங்கிய லேப்டாப்பில் பயாஸுக்கு (விண்டோஸுக்கு முன்னால் ஓடுகிற அடிப்படை அமைப்புக்கு) சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டிருந்தது, விற்றவருக்கும் அது தெரியவில்லை. அதை மறந்தால் மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள், விண்டோஸை மறுபடி போட்டாலும் போகாது. பணம் திரும்பி வர பத்தொன்பது நாள் ஆனது, அந்தப் பத்தொன்பது நாளும் சரியாகத் தூங்கவில்லை. பழசு வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள், தயவுசெய்து பாருங்கள்.

அப்புறம் நேரில் போய் வாங்குவது என்று முடிவெடுத்து, காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி சென்ட்ரலில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனேன். பையில் ஒரு பென்டிரைவ், அதில் நான் பயிற்சிக்காகச் செய்த ஒரு பெரிய அசெம்பிளி. (வாடிக்கையாளர் ஃபைலை வெளியே கொண்டுபோகக் கூடாது, அதனால் சொந்தமாகச் செய்தது.) மூன்று கடைகளில் ஆன் செய்து காட்டுவதோடு சரி என்றார்கள். நான்காவது கடைக்காரர், "சார், யாரும் இப்படிச் சொந்த ஃபைலோட வந்ததில்ல. உக்காருங்க, டீ சொல்றேன்" என்றார். சாலிட்ஒர்க்ஸ் போட்டு, லைசென்ஸில் நுழைந்து, நாற்பது நிமிஷம் அந்த மாடலைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். ஃபேன் சத்தம் மேலேறி ஒரு அளவில் நின்றுவிட்டது, மாடல் முதல் நிமிஷத்தில் சுற்றிய மாதிரியே நாற்பதாவது நிமிஷத்திலும் சுற்றியது. அங்கேயே பேசி முடித்தேன், 74,000 ரூபாய், ஆறு மாத வாரண்டி. சிப்பின் சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட்டைக் கண் முன்னால் மாற்றித் தரச் சொன்னேன், முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தார்.

என்னுடையதில் இருப்பது கோர் ஐ7-11850எச், எட்டு கோர், ஆர்டிஎக்ஸ் ஏ2000, முழு எச்டி திரை. அதே கடையில் இன்டெல்லின் சியான் (Xeon) சிப் போட்டதும் இருந்தது, பன்னிரண்டாயிரம் கூட. வேண்டாம் என்றேன், இந்த மாடலில் சியானிலும் எட்டு கோருக்கு மேல் கிடையாது. சாலிட்ஒர்க்ஸில் ரீபில்ட் (மாற்றத்துக்குப் பிறகு மாடலை மறுபடி கணக்கிடுவது) பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடுகிறது, முந்தின ஃபீச்சர் முடியாமல் அடுத்ததைக் கணக்கிட முடியாது, அதனால் ஒரு கோர் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதுதான் கணக்கு. ரெண்டரிங்கும் சிமுலேஷனும் நாள் முழுக்கச் செய்கிறவர்களுக்குக் கோர் எண்ணிக்கை வேண்டும், எனக்கு வேண்டாம். மிச்சமான பணத்தில் ராமை 32 ஜிபி ஆக்கிக்கொண்டேன். இதில் நான்கு ஸ்லாட், 128 வரை போடலாம். பதினாறில் ஓட்டியபோது டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் மெமரி எப்போதும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் நிற்கும், பெரிய அசெம்பிளியிலிருந்து டிராயிங்குக்கு மாறினால் எஸ்எஸ்டி விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும், அது இப்போது இல்லை. ராமை அப்போதே போட்டது நல்லதாகப் போயிற்று, 2025 கடைசியில் விலை ஏறிய வேகத்துக்கு இப்போது வாங்குவது கஷ்டம்.

விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாவது தலைமுறையாவது வேண்டும். அதற்கு முந்தினதை முப்பதாயிரத்துக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் தொழிலுக்கு வாங்காதீர்கள்.

இனி வெயில். இதைப் பற்றி யாரும் சரியாக எழுதுவதில்லை, எழுதுகிறவர்கள் எல்லாம் ஏசி அறையில் உட்கார்ந்து அளக்கிறார்கள். ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் சுற்றியிருக்கிற காற்றை விடக் குளிர வைக்க முடியாது. 25 டிகிரி அறைக்கும் 40 டிகிரி ஷெட்டுக்கும் நடுவில் அந்தப் பதினைந்து டிகிரியும் சிப்பின் கணக்கில்தான் போய்ச் சேரும். இந்த சிப் 100 டிகிரியைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். போன மே மாதம் எழுதி வைத்தேன்: வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு, அதே அசெம்பிளி, 80-ஐ ஒட்டி நின்றது, ஷெட்டில் மூன்று மணிக்கு 95-ஐத் தொட்டது. வேகம் கொஞ்சம் இறங்கியது, உண்மைதான். ஆனால் மாடல் நிற்கவில்லை, கோடு மறையவில்லை. காற்றை அடியிலிருந்து இழுப்பதால் பின்பக்கத்தை இரண்டு விரல் அளவு தூக்கி வைக்க வேண்டும். இரண்டு சின்ன ரப்பர் கட்டைகளைப் பையிலேயே வைத்திருக்கிறேன். கிரைண்டிங் தூள் பறக்கிற இடத்தில் லேப்டாப்பை ஓட விடாதீர்கள், இரும்புத்தூள் உள்ளே போனால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். நான் ஆபீஸ் பக்கத்து மேஜைக்குப் போய்விடுவேன், அல்லது சூப்பர்வைசரை அங்கே கூப்பிடுவேன்.

கை பழகுவதற்குத்தான் நாள் பிடித்தது. இந்த கீபோர்டில் இடது மூலையில் எஃப்என், அதற்கு அடுத்துதான் கன்ட்ரோல். முதல் வாரம் காப்பி செய்ததாக நினைத்து ஒட்டினால் பழையதுதான் ஒட்டும், சேவ் செய்ததாக நினைத்தால் சேவ் ஆகியிருக்காது. பயாஸில் இரண்டையும் மாற்றிப்போட ஒரு வசதி இருக்கிறது, எட்டாவது நாள் கண்டுபிடித்து மாற்றினேன், அதோடு சரியாயிற்று. நம்பர் பேட் இருப்பதால் டச்பேட் இடது பக்கம் தள்ளி இருக்கிறது, அது ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அளவு அடித்துக்கொண்டே இருக்கிற வேலைக்கு நம்பர் பேட் இல்லாமல் முடியாது. எனக்கு ரொம்பப் பிடித்தது டச்பேடோடு வருகிற மூன்று பட்டன். நடுப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு விரலை நகர்த்தினால் மாடல் சுற்றும். நின்றுகொண்டே, மவுஸ் வைக்க இடமில்லாத இடத்தில், இடது கையில் லேப்டாப்பைத் தாங்கிக்கொண்டு வலது கையால் ஒரு ஹாப்பரைத் திருப்பிக் காட்டலாம். மவுஸ் இல்லாமல் இதைச் செய்ய முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

கனம்தான் யோசிக்க வேண்டியது. கிட்டத்தட்ட மூன்று கிலோ, சார்ஜர் தனி. வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ராணிப்பேட்டைக்கு டூவீலரில் தோளில் மாட்டிக்கொண்டு போனால் சாயங்காலம் தோள்பட்டை சொல்லும். இப்போது பெட்ரோல் டேங்க் மேல் பையை வைத்து பெல்ட் போட்டுக்கொள்கிறேன். பைக்குள் போடும்போது ஸ்லீப்பில் விடாமல் ஹைபர்னேட் செய்துவிடுங்கள், இல்லையென்றால் பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு சூடாகிற ஆபத்து எந்த லேப்டாப்புக்கும் உண்டு. கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும், ஆனால் பேட்டரியில் இந்த வகை எதுவுமே முழு வேகம் காட்டாது. எனக்குக் கனமான வேலையில் ஒன்றரை மணி நேரம் வருகிறது, அதை டிராயிங் திருத்தவும் மெயில் அனுப்பவும் வைத்துக்கொள்கிறேன்.

கல்லூரி மாணவர்கள் சிலர் இதையே வாங்கலாமா என்று கேட்கிறார்கள். தினமும் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வகுப்பு நடக்கிறவர்களுக்கு வேண்டாம், சின்னப் பயிற்சி மாடல்களுக்கு இவ்வளவு தேவையும் இல்லை. டிசைனை நம்பிப் பிழைக்கிறவர்கள், ஷெட்டுக்குப் போய் வேலை செய்கிறவர்கள், அவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

போன வாரம் அதே ஷெட்டு, அதே அண்ணன். கன்வேயர் தாங்கி ஒன்றைத் திருப்பிக் காட்டச் சொன்னார், காட்டினேன். "இன்னும் கொஞ்சம் கீழ இருந்து" என்றார். கீழே இருந்தும் காட்டினேன், திரையிலேயே ஒரு கசெட் பிளேட் (மூலையைத் தாங்குகிற தகடு) மோதுவதைக் கண்டுபிடித்துச் சாக்பீஸால் தகட்டில் குறித்துவிட்டுப் போனார். ஆறு மாத வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது, மே 4 அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் கீழ் மூடியைத் திறந்து தூசி தட்டி, புதுப் பேஸ்ட் நானே போடப் போகிறேன்.