ஃபாலிக்குலர் லிம்ஃபோமா: காத்திருப்பதா, மருந்தைத் தொடங்குவதா?

பயாப்சி முடிவில் ஃபாலிக்குலர் லிம்ஃபோமா என்று வந்ததும் குடும்பத்தார் முதலில் கேட்பது, கீமோ எப்போது தொடங்கும் என்பதுதான். தொந்தரவு ஏதும் இல்லாத ஒருவரிடம் மருத்துவர், “இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள்” என்று சொன்னால், கைவிட்டுவிட்டார்களோ என்று வீடே கலங்கிப்போகிறது. மெதுவாக வளரும் இந்த நிணநீர்ப் புற்றுநோயைப் பொறுத்தவரை, அந்தக் காத்திருப்பும் ஆராய்ந்து எடுக்கப்படும் ஒரு மருத்துவ முடிவுதான்.

அதற்குச் சான்று உண்டு. அறிகுறியற்ற 309 நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு உடனே குளோராம்புசில் என்னும் கீமோ மாத்திரை கொடுத்து, மறு பாதியினரைக் கண்காணிப்பில் மட்டும் வைத்த பிரிட்டன் ஆய்வின் முடிவு 2003இல் வெளியானது; நீண்ட காலம் தொடர்ந்து பார்த்தும் இரு பிரிவினரின் ஆயுளில் வேறுபாடு தெரியவில்லை. 2014இல் வெளியான இன்னொரு ஆய்வு, கண்காணிப்பை, புற்றுச் செல்களைக் குறிவைக்கும் ரிட்டுக்ஸிமாப் ஊசியோடு ஒப்பிட்டது. மூன்றாண்டு முடிவில் புதிய சிகிச்சை தேவைப்படாமல் இருந்தவர்கள் கண்காணிப்புப் பிரிவில் 46 சதவீதம், ஊசியைத் தொடர்ந்து பெற்ற பிரிவில் 88 சதவீதம். ஆயுளில் அங்கும் வேறுபாடு இல்லை. ஆனால் ஊசி பெற்றவர்கள் நோயோடு வாழ மனத்தளவில் கூடுதலாகப் பழகியிருந்தார்கள். எனக்கு இதுவே மிக முக்கியமாகப் படுகிறது: மருந்து தந்த நன்மையில் ஒரு பங்கு மனத்தெம்பு என்றால், அதை நல்ல துணையாலும் ஓரளவு தர முடியும்.

காத்திருப்புக்கு எல்லை உண்டு. நெறிகட்டி 7 சென்டிமீட்டரைத் தொட்டாலோ, காரணம் தெரியாத காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, எடைக் குறைவு, மண்ணீரல் வீக்கம், இரத்த அணுக்களின் சரிவு ஆகியவை தென்பட்டாலோ சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. அப்போது ரிட்டுக்ஸிமாபோடு பெண்டாமஸ்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்ப்பதா, சாப் எனப்படும் கூட்டு கீமோவைச் சேர்ப்பதா என்ற கேள்வி எழும். 2013இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், மெதுவாக வளரும் வகைகளிலும் மேண்டில் செல் என்ற இன்னொரு லிம்ஃபோமா வகையிலும் நோய் மீண்டும் முன்னேறாமல் இருந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேர் தாண்டிய காலம்) முதலாவதில் 69.5 மாதம், இரண்டாவதில் 31.2 மாதம். முடி கொட்டுவதும் முதலாவதில் குறைவு. ஆயினும் நோய்த்தொற்று குறித்த எச்சரிக்கை நீண்ட காலம் வேண்டும். நோய் வேகமான வகையாக மாறிவிட்டதென்ற ஐயம் இருந்தால் சாப் கூட்டையே பெரும்பாலும் நாடுவார்கள். எதுவானாலும், ரிட்டுக்ஸிமாபுக்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம். முதல் முறை அந்த மருந்தைச் சொட்டுச் சொட்டாகப் பல மணி நேரம் ஏற்றுவார்கள். நடுவில் குளிர் நடுக்கம் வந்தால் செவிலியர் சொட்டை நிறுத்தி, அடங்கியபின் மெதுவாகத் தொடர்வார். இதை முன்பே சொல்லிவைத்தால் உடன் இருப்பவர் பதற மாட்டார்.

துணை என்று வரும்போது, மருத்துவமனை ஆலோசகரிடம் நோயாளியின் கோப்பு இருக்கும், நேரம்தான் இருக்காது. நோயிலிருந்து மீண்டவர்களின் குழுக்களில் நேரமும் அனுபவமும் உண்டு. மும்பையில் 1994இல் புற்றுநோயாளிகளுக்குத் துணைநிற்கும் வி கேர் அமைப்பைத் தொடங்கிய வந்தனா குப்தாவே லிம்ஃபோமாவிலிருந்து மீண்டவர். வாட்ஸ்அப் குழுக்கள் நள்ளிரவிலும் பதில் தரும். ஆனால் அங்கே வேகமான வகைக்குச் சிகிச்சை பெற்றவர், காத்திருப்பவரிடம் “இன்னுமா தொடங்கவில்லை?” என்று நல்லெண்ணத்தோடு கேட்டுவிடுவார், அந்த ஒரு கேள்வி பல நாள் தூக்கத்தைக் கெடுக்கும். ஆகவே மனத்துக்குக் குழுவையும், மருந்து பற்றிய முடிவுக்கு மருத்துவரையும் நாடுவதே சரி என்பேன்.

ரயில் கட்டணச் சலுகை சிகிச்சைக்கு மட்டுமன்றி, அவ்வப்போதைய பரிசோதனைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கும் உண்டு. காத்திருப்பவர்களும் அதைக் கேட்டுப் பெறலாம். மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் அவர்கள் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியவை மூன்று: அடுத்த பரிசோதனைத் தேதி, உடனே வர வேண்டிய அறிகுறிகள், இடையில் சந்தேகம் வந்தால் அழைப்பதற்கான தொலைபேசி எண்.