ரிப்போர்ட் சுத்தம், பின் காலி: கைடு பின்னுக்கு கோட்டிங் கொடுக்கும் முன்

32 கைடு பின்கள் (டையின் இரு பாதியும் விலகாமல் இருக்க, புஷ் என்ற உறைக்குள் ஏறி இறங்கும் உருளைகள்). 20 மி.மீ. விட்டம், 150 மி.மீ. நீளம், ஈஎன்31 எஃகு (பேரிங் எஃகு), 180 டிகிரியில் டெம்பர் செய்து (கடினமாக்கிய பின் மிதமாகச் சூடாக்கி) 61 எச்ஆர்சி (ராக்வெல் கடின அளவு). கேட்டது குரோமியம் நைட்ரைடு கோட்டிங் (வெற்றிடச் சேம்பரில் ஏற்றும் கடினப் பூச்சு), 3 மைக்ரான், சேம்பர் வெப்பம் 200 டிகிரி செல்சியஸுக்குள். ஆர்டரில் இவ்வளவும் எழுத்திலேயே இருந்தது. திரும்பி வந்தவை பார்க்க அழகு: சீரான வெள்ளிச் சாம்பல் நிறம். கூடவே 3.2 மைக்ரான், ஒட்டுதல் எச்எஃப்2 (1 முதல் 6 வரை போகும் அளவில் நல்ல மதிப்பு) என்று ஒரு ரிப்போர்ட். மூன்றே வாரத்தில் பின்களில் நீளவாக்கில் கோடுகள் விழுந்தன, புஷ்களும் தேய்ந்து லூஸாயின.

கோட்டிங் போட்டவர்களின் முதல் பதில், "ஆயில் போதவில்லை, அலைன்மென்ட் பாருங்கள்." இரண்டும் சரியாகவே இருந்தன. கோட்டிங் ஏறாத முனையில் ராக்வெல் வைத்தபோது 49 காட்டியது. ஓட்டத்தில் சூடாகி இளகியிருக்கும் என்றார்கள். ஒரு பின்னைத் தண்ணீர் ஊற்றிக் குறுக்கே அறுத்து நடுவில் வைத்தாலும் அதே 49. உராய்வுச் சூடு மேல்தோலைத்தான் இளக்கும், நடு மையம் வரை 12 பாயின்ட் இறக்காது. 180-ல் டெம்பர் ஆன ஈஎன்31 இந்த அளவுக்கு இறங்க வேண்டுமானால் 400-ஐத் தாண்டி, ஏறக்குறைய 450 டிகிரியைப் பார்த்திருக்க வேண்டும். எச்எஸ்எஸ் (ஹைஸ்பீடு ஸ்டீல்) டூல்களோடு ஒரே லோடில் ஏற்றியதைக் கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். எச்எஸ்எஸ் 550 பக்கம் டெம்பர் ஆனது, அதற்கு 450 ஒன்றும் செய்யாது. ஈஎன்31-க்கு அதுவே சாவு.

அந்த எச்எஃப்2? ஒட்டுதல் சோதனை செய்த துண்டும் எச்எஸ்எஸ்தான். 150 கிலோ சுமையில் ராக்வெல் குழி போட்டு, ஓரத்தில் விரிசலா உரிதலா என்று பார்ப்பது இந்தச் சோதனை. கடினமான அடித்தளத்தில் தேறிய கோட்டிங், இளகிப்போன பின்னில் எப்படி நிற்கும் என்று அது சொல்லாது. அடியில் எஃகு அமுங்கினால் 3 மைக்ரான் ஓடு வளைந்து கொடுக்காது, வெடிக்கும். உதிரும் துகள் புஷ்ஷுக்கும் பின்னுக்கும் நடுவே எமரி மாதிரி அரைக்கும். கோட்டிங்கே இல்லாமல் ஓட்டியிருந்தால் புஷ்ஷாவது தப்பியிருக்கும்.

தடிமன் விஷயம் இன்னும் மோசம். 30 மி.மீ. எஃகுக் குண்டை வைர பேஸ்ட்டோடு சுழற்றிக் குழி தேய்த்து, வெளிவட்டம், உள்வட்ட விட்டங்களை மைக்ராஸ்கோப்பில் அளந்தோம். இரண்டின் வர்க்க வித்தியாசத்தைக் குண்டின் விட்டத்தின் 4 மடங்கால் வகுத்தால் தடிமன். ஒரு பக்கம் 0.90, 0.60 மி.மீ., அதாவது 3.75 மைக்ரான். நேர் எதிர்ப்பக்கம் 0.70, 0.60, அதாவது வெறும் 1.1. உருளையில் குழி நீள்வட்டமாக விழும், விட்டங்களை அச்சின் திசையில்தான் அளக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு பொய்யாகும். ஒரே பின்னில் இந்த வித்தியாசம் வந்தால் காரணம் ஒன்றுதான்: சேம்பருக்குள் பின் தன் அச்சில் சுழலவில்லை. கோட்டிங் உலோகம் கிளம்பும் டார்கெட்டைப் பார்த்த பக்கம் ஏறியது, முதுகுப் பக்கம் பட்டினி. கோடு விழுந்ததும் முதுகுப் பக்கத்தில்தான்.

ரிப்போர்ட்டில் "2000 எச்வி, 100 கிராம் சுமை" என்றும் ஒரு வரி (எச்வி என்பது வைர முனையைப் பதித்து அளக்கும் விக்கர்ஸ் கடினம்). அந்தச் சுமையில் அந்தக் கடினத்துக்குக் குழியின் ஆழமே ஏறக்குறைய 1.4 மைக்ரான். தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால் அடி எஃகும் கணக்கில் கலந்து எண் குறையும். ஆகவே 3 மைக்ரான் கோட்டிங்கில் இப்படி முழு 2000 வந்தால், அது அளந்த எண் அல்ல, கேட்லாக்கிலிருந்து எடுத்து எழுதிய எண்.

இலவசமாக உரித்து மறுபடி போட்டுத் தருகிறோம் என்றார்கள். மறுத்தாயிற்று. புதுக் கோட்டிங் 49-ஐ 61 ஆக்காது. மறுபடி ஹார்டன் செய்தால் பின் கோணும், கிரைண்ட் செய்ய மெட்டீரியல் மிச்சமில்லை. 32-ம் ஸ்கிராப்.

இப்போது ஆர்டரில் சேர்த்திருக்கும் வரிகள்: பின் தன் அச்சிலும் சுழல வேண்டும். தடிமன் எதிரெதிர் இரு பக்கம், ஜாப்பின் மேலேயே அளக்க வேண்டும், அதற்கென ஒரு பின் கூடுதலாகத் தரப்படும். லோடோடு நாங்கள் தரும் ஈஎன்31 துண்டு ஒன்றும் போக வேண்டும். அதே ஹீட் ட்ரீட்மென்ட் பேட்சில் வெட்டியது, முகத்தில் எண் குத்தியது, போகும் முன் ராக்வெல் எடுத்துக் குறித்து வைத்தது. திரும்பி வந்ததும் ஒரு பக்கக் கோட்டிங்கை அரைத்து எடுத்துவிட்டு மறுபடி ராக்வெல் வைத்தால், சேம்பர் எவ்வளவு சூடானது என்பதை அந்தத் துண்டே சொல்லும். 1 பாயின்ட்டுக்கு மேல் இறங்கியிருந்தால் லோடு முழுவதும் திருப்பி அனுப்பப்படும்.