எபிடாரஸ் கல்படியில் நாடகம் பார்க்க அவ்வளவு தூரம் போகலாமா?

நேராகச் சொல்லிவிடுகிறேன். கிரீஸில் நடக்கும் ஏதன்ஸ் எபிடாரஸ் நாடக, இசை விழாவில் எபிடாரஸுக்கு ஐந்துக்கு ஐந்து, ஏதன்ஸுக்கு மூன்று, எங்களுக்கு 'பேக்கேஜ்' விற்ற ஏஜென்ட்டுக்குப் பூஜ்யம். குன்னூர், கோத்தகிரி பக்கம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள், அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன்.

1955இல் தொடங்கிய விழா இது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நடக்கும், அதாவது நம் மலையில் மேகமும் சாரலுமாக இருக்கும் மாதங்கள். அங்கே அப்போது மழை அபூர்வம், வெயில் மட்டும் 38, 40 டிகிரி என்று ஏறும். வெப்ப அலை வந்தால் ஏதன்ஸின் பழங்காலக் கோயில்கள் இருக்கும் அக்ரோபோலிஸ் குன்றையே மத்தியான நேரத்தில் மூடிவிடுவார்கள். ஸ்வெட்டர் போட்டே வளர்ந்த நமக்கு இது லேசான விஷயமில்லை. பகலில் அறையில் படுத்துக் கிடந்துவிட்டுச் சாயங்காலம் கிளம்புவதுதான் புத்திசாலித்தனம்.

முதலில் ஏதன்ஸ். அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் இருக்கிறது ஹெரோடிஸ் அட்டிகஸ் அரங்கம். கி.பி. 161 வாக்கில் ஒரு பெரும் பணக்காரர் இறந்துபோன மனைவி ரெகில்லாவின் நினைவாகக் கட்டியது, ஆக இது ரோமானியர் காலத்துக் கட்டடம். மேலே தேவதாரு மரக்கூரை இருந்ததாம், 267இல் ஹெருலியர் என்ற இனத்தாரின் படையெடுப்பில் எல்லாம் போயிற்று. இப்போது இருக்கும் பளிங்குப் படிகள் 1950களில் புதிதாகப் பதித்தவை. இசை, ஆப்பரா, நடனம் என்று 2025 வரை இங்கே நிகழ்ச்சிகள் நடந்தன, அதன் பிறகு சீரமைப்புக்காக மூடிவிட்டார்கள். 1959இல் இயக்குநர் கரோலோஸ் கூன் குழு இங்கே பழங்கால கிரேக்க நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸின் நகைச்சுவை நாடகம் ஒன்றைப் போட, பூசாரியைக் கிண்டல் செய்த காட்சியால் ரகளையாகி, மறுநாளே அரசாங்கம் தடை போட்டுவிட்டது. 2,400 வருஷத்துக்கு முந்தைய ஜோக்குக்குத் தடை! அழகில் குறையே இல்லாத இடம்தான், பின்னால் அந்த உயரமான கல்சுவரில் வெளிச்சம் விழும்போது கண்ணை எடுக்க முடியாது. ஆனால் மூன்று கொடுக்கக் காரணம், இங்கே நாங்கள் கேட்ட இசை நிகழ்ச்சியை எந்த நல்ல அரங்கிலும் கேட்டிருக்கலாம். அப்புறம் படிகள் செங்குத்து. மறுபடி திறந்தாலும், முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்வரிசை டிக்கெட் கிடைத்தால் மட்டும் போங்கள்.

எபிடாரஸ் வேறு விஷயம். ஏதன்ஸிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், பைன் மரங்களுக்கு நடுவே. இது முதலில் நாடக ஊரே இல்லை, அஸ்க்லேபியஸ் என்ற வைத்தியக் கடவுளின் தலம். நோயாளிகள் வந்து தங்கி, இரவு கோயில் மண்டபத்தில் படுத்து, கனவில் சாமி வந்து வைத்தியம் சொல்வார் என்று காத்திருப்பார்கள். நம் குணசீலத்தில் குணமாக வேண்டிக் குடும்பத்தோடு போய்த் தங்குகிறார்களே, கிட்டத்தட்ட அதேதான். அப்படி வந்தவர்களுக்காகக் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது இந்த அரங்கம். முதலில் 34 வரிசை, பிறகு மேலே 21 சேர்த்து மொத்தம் 55. அந்தக் காலத்தில் சுமார் 14,000 பேர் உட்காரலாம். 1960இல் ஆப்பரா பாடகி மரியா காலஸ் பாடியதும் இங்கேதான்.

இதன் ஒலி பற்றி எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு: நடுவில் காசு போட்டால் கடைசி வரிசையில் கேட்கும், கிசுகிசுத்தால்கூடக் கேட்கும். பகலில் வரும் சுற்றுலாக் கூட்டமெல்லாம் நடுவில் நின்று காகிதம் கிழிப்பதும் காசு போடுவதுமாகத்தான் இருக்கிறது. நெதர்லாந்து ஐந்தோவன் பல்கலைக்கழகத்தார் 2017இல் கருவி வைத்து அளந்து, கிசுகிசுப்பு முன்வரிசைகளைத் தாண்டிப் புரியாது, நன்றாகக் குரலெடுத்துப் பேசினால் கடைசி வரை புரியும் என்று சொல்லிவிட்டார்கள். 2007இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வு ஒன்று, இந்தச் சுண்ணாம்புக்கல் படிவரிசைகளே கூட்டத்தின் தாழ்ந்த இரைச்சலை வடிகட்டிவிடுகின்றன என்றது. எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம், கட்டியவர்களுக்கு இது தெரிந்து செய்ததா, கல் இருந்தது அடுக்கினார்களா, யார் கண்டது. ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்திருந்தும், நாடகம் ஆரம்பித்தவுடன் சிள்வண்டுச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. சில தயாரிப்புகளில் மைக் வைக்கிறார்கள், நாங்கள் பார்த்ததில் குரல் குரலாகவே வந்தது. நம் பக்கத்து மேடைகளில் இரண்டு ஆள் உயர ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் காதுகளுக்கு இது தெரிய வேண்டும்.

நாங்கள் பார்த்த நாடகம் பழங்கால கிரேக்கர் சோஃபக்ளீஸ் எழுதியது, ராஜாவின் கட்டளையை மீறி அண்ணனுக்கு ஈமக்கடன் செய்யும் தங்கையின் கதை. பேச்சு முழுக்க இன்றைய கிரேக்கத்தில், பக்கத்தில் திரையில் ஆங்கில வரிகள் ஓடும். திரையையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தால் இரண்டும் போய்விடும், அதனால் கதையை முன்னாடியே படித்துவிட்டு, திரையை மறந்துவிடுங்கள். "இவ்வளவு தூரம் வந்து கல்லு மேல உக்காரவா?" என்று ஆரம்பத்தில் முனகிய என் அக்கா, கோரஸ் என்ற பாட்டுக் குழு வட்டமாக நடந்து பாடத் தொடங்கியதிலிருந்து வாயே திறக்கவில்லை. நம் ஊர்க் கம்பளிச் சால்வையை நாலாக மடித்துக் கீழே போட்டுக்கொண்டோம், அது பெரிய உபகாரம். இரவு குளிரும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுங்கள்.

ஹை ஹீல்ஸ் கூடாது, கல் சேதமாகும் என்று நிஜமாகவே தடை. தண்ணீர் தவிர எதுவும் உள்ளே சாப்பிட முடியாது, அதனால் முறுக்குப் பொட்டலமெல்லாம் பையிலேயே இருக்கட்டும்.

ஏஜென்ட் விஷயம்: விழா டிக்கெட்டை அதன் சொந்த இணையதளத்திலேயே வாங்கலாம், மேல்வரிசை டிக்கெட் மலிவு. எங்கள் ஆள் அதையே பல மடங்கு விலைக்கு, யாரும் கேட்காத ஷாப்பிங் டூரையும் கட்டி விற்றார். நாடகம் வழக்கமாக வெள்ளி, சனி இரவுகளில்தான், அதுவும் ஒன்பது மணிக்கு. முடிந்து ஏதன்ஸ் திரும்பினால் நடுராத்திரி தாண்டிவிடும். முப்பது கிலோமீட்டர் பக்கத்தில் நாஃப்பிலியோ என்று கடலோர ஊர் இருக்கிறது, அங்கேயே அறை போடுங்கள். வாரக் கடைசி அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், விசா வந்த பிறகு தேடலாம் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.