இரண்டிரண்டாகப் படிக்க வேண்டிய நாவல்: ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'

1813 ஜனவரியில் மூன்று பாகங்களாக வெளிவந்த நாவல். நாயகி எலிசபெத்துக்கும் நாயகன் டார்சிக்கும் எப்போது கல்யாணம் என்று மட்டும் பார்த்துக்கொண்டு போனால் பாதிதான் கைக்கு வரும். ஆஸ்டின் ஒருவரை இன்னொருவருக்குப் பக்கத்தில் நிறுத்தித்தான் எடை போடுகிறார்.

19ஆம் அத்தியாயத்தையும் 34ஆம் அத்தியாயத்தையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். முதலதில் எலிசபெத்தின் உறவினரான பாதிரியார் காலின்ஸ் அவளைப் பெண் கேட்கிறார். எலிசபெத்துக்கு வரக்கூடிய ஆயிரம் பவுண்டைக்கூட மறக்காமல் சொல்லிக்காட்டுகிறார். அவள் மறுத்தால், பெண்கள் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று எடுத்துக்கொள்கிறார். அடுத்ததில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண்டு வருமானமுள்ள டார்சி. காதல் உண்மைதான். ஆனாலும் அவள் குடும்பம் தனக்குக் குறைவு என்பதை விரிவாகப் பேசுகிறார். மறுப்பு வரும் என்று இருவருமே நினைக்கவில்லை. காலின்ஸ் மூன்றே நாளில் எலிசபெத்தின் தோழி ஷார்லட்டைத் தேடிப் போய்விடுகிறார். டார்சி உட்கார்ந்து தன் தரப்பை விளக்கி எலிசபெத்துக்குக் கடிதம் எழுதுகிறார். இரண்டு பேரையும் பிரிப்பது அந்தக் கடிதம்தான்.

நாவலின் உச்சம் என்று எனக்குப் படுவது இதைவிடச் சின்ன இடம். 27 வயது ஷார்லட், சொத்தில்லாத பெண்ணுக்கு வேறு வழியில்லை என்று காலின்ஸுக்குச் சம்மதிக்கிறாள். எலிசபெத்தால் அதை ஏற்கவே முடியவில்லை. கொஞ்ச நாளில், எலிசபெத்துக்குப் பிடித்திருந்த ராணுவ அதிகாரி விக்கம், பத்தாயிரம் பவுண்டு கைக்கு வந்த மிஸ் கிங் பின்னால் போகிறான். காரணம் அதே பணம். அவன்மேல் மட்டும் எலிசபெத்துக்குக் கோபம் வரவில்லை. தோழி விஷயத்தில் இருந்த தெளிவு இங்கே அவளிடம் இல்லை என்று 26ஆம் அத்தியாயத்தில் ஆஸ்டின் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். தலைப்பிலுள்ள கர்வம், முன்முடிவு என்ற இரண்டு குணங்களை டார்சிக்கு ஒன்று, எலிசபெத்துக்கு ஒன்று என்று பங்கு பிரிப்பவர்கள் தவறவிடும் வாக்கியம் இது.

விக்கமின் வலையில் விழுந்த இரண்டு சிறுமிகளையும் பாருங்கள். டார்சியின் தங்கை ஜார்ஜியானாவுக்கு 15 வயது, 30,000 பவுண்டு சொத்து. அவனோடு ஓடிப்போகவிருந்த நேரத்தில், அண்ணன் மனம் நோகுமே என்று அவரிடம் தானே சொல்லிவிடுகிறாள். எலிசபெத்தின் தங்கை, 16 வயது லிடியாவோ சிரிப்பு தாங்காமல் கடிதம் எழுதி வைத்துவிட்டு ஓடிப்போகிறாள். பூவேலை மஸ்லின் கவுனில் இருக்கும் கிழிசலைத் தைக்கச் சொல்லிவிடு என்று அதிலேயே ஒரு வேலையும் வைக்கிறாள்! அறியாமையை இவ்வளவு துல்லியமாக ஒரு கிழிசலில் காட்ட முடியுமா என்று வியக்கத்தான் வேண்டும்.

எலிசபெத்தின் அம்மா திருமதி பென்னட் விருந்தில் சத்தமாகப் பேசி எலிசபெத்தைக் கூனிக் குறுக வைப்பது 18ஆம் அத்தியாயம். எலிசபெத் பியானோ பழக வேண்டுமானால் தன் மகளுக்குத் துணையாக இருக்கும் ஜென்கின்சன் அம்மாள் அறைக்கு வரலாம், அங்கே யாருக்கும் இடைஞ்சல் இருக்காது என்று டார்சியுடைய தாயின் சகோதரி லேடி கேத்தரின் அவள் காதுபடச் சொல்வது 31. அப்போது வெட்கப்படுவது டார்சி.

குறை இல்லாமல் இல்லை. எலிசபெத்தின் அக்கா ஜேன், அவளைக் காதலிக்கும் பிங்லி இருவருமே ஒரே வார்ப்பு, நல்லவர்கள். உரசல் இல்லாததால் அவர்கள் பக்கங்கள் வேகமாகக் கரைகின்றன.

வாங்கும்போது 23, 19, 19 அத்தியாயங்கள் என்று பாகம் பிரித்த பதிப்பாகப் பாருங்கள். இரண்டாம் பாகம் டார்சியின் மாளிகையான பெம்பர்லிக்குப் புறப்படுவதில் முடிவது அப்போதுதான் உறைக்கும். சுருக்கப் பதிப்பு வேண்டாம். சந்தேகமிருந்தால் மிஸ் கிங் வரும் அந்த வாக்கியம் இருக்கிறதா என்று கடையிலேயே புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.