யுங்பிறவ் உச்சிக்கு முன் லவுற்றர்புறுன்னன் பள்ளத்தாக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து சுவிஸில் இருக்கும் பிள்ளைகளிடம் விசிற் விசாவில் போய்வரும் தாய் தகப்பன்மாருக்கு, சாமத்திய வீடு, கலியாண வீடு, பேர்ண் நகரிலுள்ள சைவநெறிக்கூடத்துக் கோயில் ஆகியவற்றுக்கு அடுத்ததாக, மலை பார்க்கப் போகும் ஒரு நாளும் எப்படியும் ஒதுக்கப்படும். அந்த நாளுக்குப் பிள்ளைகள் அதிகம் யோசிக்காமலே தெரிவுசெய்வது, புகையிரதத்தில் ஏறிப் போகக்கூடிய, ‘ஐரோப்பாவின் உச்சி’ என்று அழைக்கப்படும் யுங்பிறவ்யோக் மலைக்கணவாய். பேர்ண் மாநிலத்தின் தெற்கே உள்ள இந்த மலைப்பகுதியைப் பற்றி என் மதிப்பீடு வேறு: வயதானவர்களோடு போகின்றவர்கள் உச்சியை இரண்டாவதாக வைத்து, லவுற்றர்புறுன்னன் பள்ளத்தாக்கை முதலாவதாக வைக்க வேண்டும்.

ஒரு காலத்தில் பனிப்பாறை அரைத்துக்கொண்டு நகர்ந்த பாதை என்பதால், இப்பள்ளத்தாக்கின் தரை ஏறத்தாழ மட்டமாகவும், இரு பக்கமும் செங்குத்தான பாறையாகவும் இருக்கின்றது. மேலிருந்து வரும் ஓடைகள் இறங்கச் சரிவில்லாமல் அந்த விளிம்புகளிலிருந்து அப்படியே விழுகின்றன. இங்கே 72 அருவிகள் என்பது அவ்வூரார் சொல்லும் கணக்கு. ஊருக்குப் பக்கத்திலேயே விழும் ஷ்ரௌப்பாக் அருவி 297 மீற்றர் உயரமானது. அவ்வளவு உயரத்திலிருந்து விழுவதால், காற்று வீசும் நாட்களில் அதன் நீர் பாதி வழியிலேயே தூவானமாகச் சிதறிவிடுகின்றது. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் றொட்டியையும் சம்பலையும் அதன் கீழே ஒரு வாங்கில் இருந்து சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். அதற்கு நுழைவுச்சீட்டும் இல்லை, மூச்சு வாங்குவதும் இல்லை.

ஆனால் இப்பள்ளத்தாக்கில் தவறவிடக் கூடாத இடம், லவுற்றர்புறுன்னன் புகையிரத நிலையத்திலிருந்து பேருந்தில் சில நிமிடங்களில் அடையக்கூடிய திறும்மல்பாக். ஐகர், மெஞ்ச், யுங்பிறவ் ஆகிய மூன்று மலைகளின் பனிப்பாறைகள் உருகி வரும் நீர், பாறையைக் குடைந்து, மலைக்குள்ளேயே பத்து அருவிகளாக இறங்குகின்றது. உச்ச அளவில் ஒரு செக்கனுக்கு 20,000 லீற்றர் வரை பாயும். பாறைக்குள் சரிவாக ஏறும் ஒரு மின்தூக்கியில் மேலே போய், பின்னர் படிகளில் ஏறி இறங்கிப் பார்க்கலாம். மாரியில் குளம் வான் பாயும் இரைச்சலை ஒரு கிணற்றுக்குள் அடைத்து வைத்தாற்போல அந்தச் சத்தம் இருக்கும். பக்கத்தில் நிற்பவர் சொல்வதும் கேட்காது. நீரைத் தேக்கியும் திறந்துவிட்டும் வயல் செய்து வளர்ந்த எங்கள் ஆட்களுக்கு, வெண்பனியை விட இந்த நீர்தான் அதிகம் பேசும் என்பது என் எண்ணம். கோடையின் நடுவிலும் உள்ளே குளிரும், படிகள் எப்போதும் ஈரமாக இருக்கும். ஆகவே பாட்டா செருப்போடு போகக் கூடாது. முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் கீழேயுள்ள அருவிகளோடு நிற்பதே நல்லது.

யுங்பிறவ்யோக் பார்க்கத் தகாத இடம் என்று நான் சொல்லவில்லை. 1896 இல் தொடங்கி, ஐகர், மெஞ்ச் மலைகளின் வயிற்றுக்குள் சுரங்கம் வெட்டி, 1912 இல் 3,454 மீற்றர் உயரத்துக்குப் புகையிரதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த வேலை எவரையும் வியக்க வைக்கும். வானம் திறந்திருந்தால், அல்ப்ஸ் மலைகளிலேயே மிக நீளமான அலெட்ச் பனிப்பாறை கண்ணெதிரே கிடக்கும். சிக்கல் என்னவென்றால், எங்கள் நாட்டின் மிக உயர்ந்த பீதுருதாலகால மலையே 2,524 மீற்றர்தான். வாழ்நாள் முழுவதும் சமதரையில் இருந்தவரை ஒரு காலைப்பொழுதில் அதைவிட 900 மீற்றருக்கு மேலாக உயர்த்தும்போது தலையிடியும் மூச்சிரைப்பும் வரக்கூடும். இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் போகக் கூடாது. மலையடிவார நகரான இன்ரர்லாக்கனிலிருந்து போய்வரச் சலுகையில்லாத கட்டணம் கோடையில் இருநூறு பிராங்குக்கு மேல். அதைக் கொடுத்துவிட்டு முகிலுக்குள் நின்று வெள்ளைச் சுவரைப் பார்த்து வந்தவர்களும் எங்கள் சொந்தத்தில் உண்டு. புறப்படும் காலையில் உச்சியின் நேரடிப் படத்தை இணையத்தில் பார்த்து, வெளித்திருந்தால் மட்டும் சீட்டு எடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருவோருக்கான ஒரு மாத அரைக்கட்டண அட்டை, புகையிரதங்களிலும் இந்த மலைப்பாதைகளில் பெரும்பாலானவற்றிலும் செலவைப் பாதியாக்கும். பிள்ளைகள் அதை எடுத்துக் கொடுப்பது நல்லது.

உயரமும் வேண்டும், உடம்பும் தாங்க வேண்டும் என்பவர்களுக்கு, பொதுவாக வாகனம் ஓடாத மியூறன் கிராமம் போதும். 1,638 மீற்றரில் நின்றே மூன்று சிகரங்களையும் எதிரே பார்க்கலாம். அதற்கு மேலே ஷில்ற்ஹோர்னில் சுழலும் உணவகம் இருக்கின்றது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. கரிக்கோச்சிக் காலத்தை நினைவில் வைத்திருக்கும் ஐயாமாரை, 1892 இல் திறக்கப்பட்ட பிறியன்ஸ் றொட்ஹோர்ன் பல்சக்கரப் புகையிரதப் பாதைக்கு ஒருநாள் கூட்டிப் போகலாம். அங்கே நீராவி இயந்திரம் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும்.

இன்ரர்லாக்கன் கிழக்கு நிலையத்தில் ஒரு கவனம் தேவை. அங்கிருந்து புறப்படும் புகையிரதம் வழியில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி லவுற்றர்புறுன்னனுக்கும் மற்றையது கிறின்டல்வால்டுக்கும் போகும். ஆகவே பெட்டியில் எழுதியிருக்கும் ஊரைப் பார்த்தே ஏற வேண்டும். பெரிய குடும்பமாகப் போகும்போது எல்லோரும் ஒரே பெட்டியில் ஏறினார்களா என்று எண்ணிப் பார்ப்பதும் அவசியம். குளிர்காலத்தில் திறும்மல்பாக் மூடியிருக்கும். நத்தார் விடுமுறைக்கு அழைக்கப்படுகின்றவர்கள் அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம். பயணம் ஆனிக்கும் புரட்டாதிக்கும் இடையில் வருமாறு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.