பத்து மாத்திரையும் அரை நாள் கூலியும்

இந்தத் தடவை ஊருக்குக் கிளம்பும்போது அம்மா கேட்டது ஒரே ஒரு பொருள்தான். "அந்த ஊரு வலி மாத்திரை நல்லா கேக்குதுடி. நாலு அட்டை எடுத்துட்டு வா."

நான் லண்டனில், ஈஸ்ட்ஹாம் பக்கம் ஒரு மருந்துக்கடையில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். டாக்டர் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்து, லேபிள் ஒட்டி, பையில் போட்டுக் கொடுப்பது என் வேலை. அம்மாவுக்கு 'நல்லா கேக்குற' அந்த மாத்திரை வெறும் பாரசிட்டமால் 500. அயனாவரத்தில் எங்கள் தெருமுனை மெடிக்கலில் கிடைப்பதும் அதேதான். போனில் சொல்லிப் புரியவைக்க முடியாமல் எடுத்துக்கொண்டே போனேன்.

அந்த மாத்திரையைப் பற்றி எனக்குத் தீர்மானமான ஒரு கருத்து இருந்தது. இங்கிலாந்து சூப்பர்மார்க்கெட்டில் 16 பாரசிட்டமால் அரை பவுண்டுக்கும் குறைவு. அதையே டாக்டர் எழுதிக் கொடுத்தால், அவர் நேரம், சீட்டு, கடையில் எடுத்துக் கொடுக்கும் கூலி எல்லாம் அரசு சுகாதாரத் துறையின் கணக்கில் ஏறும். சீட்டுக்குக் கட்டணம் 9.90 பவுண்டு என்பதால் காசு கட்டுகிறவர் யாரும் பாரசிட்டமாலுக்குச் சீட்டு நீட்டுவதில்லை. 60 வயது கடந்தவர்கள், பிள்ளைகள் என்று கட்டணம் இல்லாதவர்களுக்குத்தான் எழுதுவார்கள். கடையிலேயே வாங்கிக்கொள்ளக்கூடிய மருந்துகளுக்காக 2017 ஜூனோடு முடிந்த ஒரே வருடத்தில் அங்கே ஏறக்குறைய 569 மில்லியன் பவுண்டு செலவாகியிருந்தது. 2018 மார்ச்சில் ஒரு வழிகாட்டுதல் வந்தது. தலைவலி, சளி, லேசான சுளுக்கு போன்ற 35 சிறு உபாதைகளுக்கு இந்த மருந்துகளை வழக்கமாக எழுதித் தர வேண்டாம், கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்கள். மூட்டுத் தேய்மானம் போல நாள்பட்ட வலிக்கு விலக்கு உண்டு. அந்த வழிகாட்டுதலை நான் மனதார ஆதரித்தேன். கவுன்ட்டரில் நின்று எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொல்லியும் இருக்கிறேன். ஊரில் இருந்த மூன்று வாரத்தில், அதை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. நான் போவதற்குப் பத்து நாள் முன்பு பக்கத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டியிருக்கிறாள். பெயர் வேண்டாம். சீட்டை வாங்கிப் பார்த்தேன். வலிக்கான அசிக்ளோஃபெனாக், பாரசிட்டமால், வீக்கத்துக்கென்று கொடுக்கும் செராசியோபெப்டிடேஸ் மூன்றும் கலந்த மாத்திரை காலை, இரவு. அதற்குத் துணையாக ஒரு கேஸ் மாத்திரை, ஒரு கால்சியம், ஒரு களிம்பு. வலி அதிகமானால் போட்டுக்கொள்ளத் தனியாக பாரசிட்டமால் 650. ஏற்கெனவே உள்ளே போகும் மருந்தையே வேறு பெயரில் இன்னொரு முறை எழுதியிருக்கிறார்கள். போதாததற்கு நான் கொண்டு போன நாலு அட்டை வேறு. எதில் என்ன இருக்கிறது என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

அதைவிட என்னைப் பதறவைத்தது வேறொன்று. அம்மா ஆறு வருடமாக பி.பி. மாத்திரை போடுகிறாள். டெல்மிசார்டனோடு நீர் மாத்திரையும் கலந்தது. அதன் மேல் அசிக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரையும் சேர்ந்தால் மூன்றுமாகச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். வயதானவர்களுக்கு இது நிஜமான ஆபத்து. கிளினிக்கில் "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்று ஒரு வார்த்தை கேட்டார்களா என்றேன். "அதெல்லாம் யாரு கேக்குறா" என்றாள் அம்மா.

மறுநாள் காலை அவளைக் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எட்டு மணிக்கே வராண்டா நிறைந்திருந்தது. பெஞ்சு இரண்டுதான். மூட்டு வலிக்காரர்கள் பாதிப் பேர் நின்றுகொண்டே இருந்தார்கள். எங்கள் முறை வர ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆனால் சிஸ்டர் ஒருவர் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் பி.பி. பார்த்துச் சீட்டில் எழுதிக்கொண்டே வந்தார். எதற்காக வந்தாய் என்று கேட்டுப் பார்க்கவில்லை, எல்லோருக்கும் பார்த்தார்.

டாக்டர் அம்மாவின் மாத்திரை டப்பாவை வாங்கி மேஜையில் கொட்டினார். இளம்பெண், முப்பதுகூட இருக்காது. கலவை மாத்திரை அட்டையை எடுத்து ஓரமாக வைத்தார். "அம்மா, உங்க பி.பி. மாத்திரையோட இது சேரக்கூடாது. நிறுத்திடுங்க. வலிச்சா பாரசிட்டமால் மட்டும் போடுங்க. கிட்னிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை பாத்துடலாம்." மூன்று நிமிடம்தான் ஆகியிருக்கும். மருந்து கொடுக்கும் ஜன்னலில் அம்மாவுக்குப் பத்து மாத்திரை கொடுத்தார்கள். விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்த அட்டை. காசு கிடையாது.

அந்த அட்டைக்குப் பின்னால் ஒரு பெரிய வேலை இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டு 1995 ஜனவரியிலிருந்து மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக டெண்டர் விட்டு மருந்து வாங்குகிறது. கம்பெனிப் பெயரில் வாங்குவதில்லை, மருந்தின் பெயரில்தான் வாங்குகிறார்கள். வரும் மருந்தை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்த பிறகே மாவட்டக் கிடங்கிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு விடுகிறார்கள். கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதே வழியில் தங்களுக்கும் கழகம் அமைத்துக்கொண்டன. பாரசிட்டமாலைப் பொறுத்தவரை, மாத்திரையின் விலை இங்கே அரசுக்கு ஒரு சுமையே இல்லை.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் துப்புரவுப் பணி செய்கிறவர். உடம்பு வலி, பத்து மாத்திரை வேண்டும், அவ்வளவுதான். "இதுக்காக அரை நாள் கூலி போச்சும்மா" என்றார். எனக்குப் பழக்கப்பட்ட அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது: கடையிலேயே வாங்கிக்கலாமே. அன்று அவருக்கு பி.பி. 170-க்கு மேல் இருந்தது. சிஸ்டர் அவரைத் தனியாக உட்காரவைத்துவிட்டார். பத்து மாத்திரைக்காக வந்திருக்காவிட்டால் அவருக்கு அது தெரிந்திருக்காது.

கடையிலேயே வாங்கினால் என்ன நடக்கும் என்பதை அன்று சாயங்காலமே பார்த்தேன். அம்மாவுக்கு இருமல் மருந்து வாங்க மெடிக்கலுக்குப் போயிருந்தேன். கட்டட வேலைக்குப் போய்த் திரும்பிய ஒருவர் வந்து, "உடம்பு வலிக்கு ஒரு செட்டு, ரெண்டு வேளைக்கு" என்றார். கடைப்பையன் டப்பா டப்பாவாகத் திறந்து கத்தரியால் வெட்டிப் போட்டான். அசிக்ளோஃபெனாக் வகையையே சேர்ந்த டைக்ளோஃபெனாக் கலந்த வலி மாத்திரை ஒன்று, கேஸுக்கு ஒன்று, பெயர் தெரியாத சின்ன மஞ்சள் மாத்திரை ஒன்று. எல்லாம் சின்னக் காகித உறையில் போய் விழுந்தன. வெட்டிய துண்டில் மருந்தின் பெயரும் இல்லை, காலாவதி தேதியும் இல்லை, அவை அட்டையின் மீதிப் பாதியில் டப்பாவுக்குள்ளேயே கிடந்தன. டைக்ளோஃபெனாக் டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்து. சீட்டை யாரும் கேட்கவில்லை. "சர்க்கரை இருக்கா, பி.பி. இருக்கா" என்ற கேள்வியும் இல்லை.

எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு பி.பி. மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் பெண் மாதாமாதம் கொண்டுவந்து கொடுக்கிறார். நல்ல திட்டம், கையெடுத்துக் கும்பிடலாம். அதே அக்கா இடுப்பு வலிக்கு வாரத்தில் நாலு நாள் சாயங்காலம் இந்தச் செட்டைப் போடுகிறார், இரண்டு வருடமாக. டைக்ளோஃபெனாக் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். காலையில் அரசு மாத்திரை இறக்கியதைச் சாயங்காலம் மெடிக்கல் மாத்திரை ஏற்றுகிறது.

பாரசிட்டமாலை எழுதிக் கொடுத்தால் ஆகும் செலவைத்தான் இங்கிலாந்தில் கூட்டிப் பார்த்தார்கள். அங்கே அது சரி. கடைக்காரர் டைக்ளோஃபெனாக் மாத்திரையைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க மாட்டார், பாரசிட்டமாலையே 1998 முதல் சூப்பர்மார்க்கெட்டில் 16-க்கு மேல் ஒரு பெட்டியில் விற்க விடுவதில்லை. சென்னையில் கூட்ட வேண்டிய கணக்கு வேறு. சிறுநீரகம் போய்விட்டால் வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை டயாலிசிஸ். அதுவும் வாழ்நாள் முழுக்க. அந்தச் செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது, ஏற்கத்தான் வேண்டும். ஆனால் அதில் எத்தனை, கேள்வி கேட்காமல் வெட்டிக் கொடுத்த காகித உறையில் தொடங்கியது? எனவே பத்து மாத்திரைக்காக வரிசையில் நிற்கும் யாரையும் திருப்பி அனுப்பவே கூடாது என்பதுதான் இப்போது என் எண்ணம்.

கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் குறை இல்லாமல் இல்லை. மருந்து ஜன்னல் ஒன்றே ஒன்று. உள்ளே இருந்தவர் விரலைக் காட்டி "காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். எழுத்தில் எதுவும் இல்லை. அம்மா வீடு வருவதற்குள் மறந்துவிட்டாள். லேபிள் ஒட்டியே வாழ்கிறவள் நான் என்பதால் இது எனக்குப் பெரிதாகப் பட்டது. மருந்தின் பெயர், எத்தனை வேளை, எதோடு சேர்க்கக்கூடாது என்று தமிழில் நாலு வரி அச்சடித்து உள்ளே போட்டால் போதும். கூலிக்குப் போகிறவர்களுக்காகச் சாயங்காலத்தில் இன்னொரு ஜன்னலும் திறந்தால் எத்தனையோ பேர் மெடிக்கல் பக்கம் போக மாட்டார்கள்.

அம்மாவின் ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்தது. கிளம்புவதற்கு நாலு நாள் முன்பு அக்காவிடம் அவர் உறையை வாங்கிச் சமையல் மேடையில் பிரித்து, ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இடுப்பு வலியோட எப்படிம்மா நாலு வீட்டுல தரை துடைக்கிறது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் காலை, மற்ற வீடுகளுக்குச் சொல்லிவிட்டு, என்னோடு கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதே டாக்டர். ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வாங்க வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். புதன் இரவே எனக்கு விமானம். அக்காவோடு தானும் போய் வாங்கிவிட்டுப் போன் பண்ணுகிறேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.