குளவிக்கூடு: விடுவதா, கலைப்பதா, ஆளைக் கூப்பிடுவதா?

தோட்டத்தில் குளவிக்கூட்டைக் கண்டதும் பலர் தேடுவது மண்ணெண்ணெயும் பந்தமும்தான். இருக்கும் வழிகளிலேயே மோசமானது அது. காய்ந்த மட்டை பற்றிக்கொள்ளும். கருகாமல் தப்பிய குளவிகள் பந்தம் பிடித்தவரைத் துரத்தும். தேனீயைப்போலக் கொடுக்கைத் தோலில் விட்டுச் சாவதில்லை குளவி. ஒன்றே பலமுறை கொட்டும்.

ஆனால் எந்தக் குளவி என்று பார்க்காமல் வழியைத் தேர்ந்தெடுக்க முடியாது. சுவரில் மண்ணைக் குழைத்துக் கட்டியிருந்தால் விட்டுவிடுவதே சரி. அது தனிக் குளவி. கூட்டைக் காக்கப் படை கிடையாது. 'கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்' என்று பெரியவர்கள் சொல்வதும் இந்த இனத்தைப் பார்த்துத்தான். நடப்பது அத்தனை புனிதமில்லை. கொட்டி மயக்கிய புழுவையோ சிலந்தியையோ கூட்டுக்குள் அடைத்து முட்டையிடுகிறது. பொரித்து வரும் இளம்புழு அதைத் தின்று வளர்கிறது. செடியின் இலைப்புழுவைக் கூலியில்லாமல் பொறுக்கும் ஆளை எதற்கு விரட்ட வேண்டும்?

எலுமிச்சைக் கிளையிலோ சன்சேடின் அடியிலோ அறைகள் வெளியே தெரியத் தொங்கும் காகிதக் கூடுதான் உண்மையான குழப்பம். ஆள் நடமாடாத மூலை என்றால் அதையும் விடலாம். வாசலருகே என்றால் சோப்புத் தண்ணீரா, பூச்சிமருந்துத் தெளிப்பானா? தெளிப்பானைத் தள்ளி நின்று அடிக்கலாம், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அந்த மருந்து தேனீயையும் கொல்லும், அல்லித் தொட்டியில் விழுந்தால் மீனையும் கொல்லும். சோப்புத் தண்ணீர் குளவியின் மூச்சுத் துளைகளை அடைத்துவிடும். செடிக்குப் பெரிய கேடில்லை. குறை, அருகில் போக வேண்டும். உள்ளங்கையளவுக் கூடு, கைக்கு எட்டும் உயரம், எல்லாம் அடங்கிய இரவு, முழுக்கைச் சட்டை: இவை அமைந்தால் என் ஓட்டு சோப்புக்கே. ஏணி வேண்டும் என்றால் இரண்டுமே வேண்டாம்.

பனையிலோ தென்னையிலோ பானைபோல மூடிய பெரிய கூடு இருந்தால் அது கதண்டு என்ற பெரிய குளவியினுடையது. அங்கே ஒப்பிட ஒன்றுமில்லை; 101-ஐ அழைத்துத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். அவர்களும் சில நேரம் பந்தம்தான் பிடிப்பார்கள், ஆனால் கவச உடையோடு. கதண்டு பல இடத்தில் கொட்டினால் சிறுநீரகமே பழுதாகலாம். எந்தக் குளவியானாலும், கொட்டியபின் மூச்சு முட்டினால் சுண்ணாம்பைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.